மிச்சத் தக்காளிக்கு யார் கூலி கொடுப்பது?

2023 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் காய்கறி பிரிக்கும் திண்ணைக்கு முன்னால் வேன் வந்து நின்றது. வழக்கமாக மூன்று பெட்டித் தக்காளி இறங்கும். அன்று பதினொன்று இறங்கியது. பெட்டிக்கு 25 கிலோ. மொத்தம் 275 கிலோ. வாங்க இருந்தவர்கள் 38 வீட்டார்.

ஓட்டி வந்த தம்பி கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு, "இன்னும் ஆறு பெட்டி தோட்டத்துலயே நிக்குதுங்க, வேன்ல எடம் இல்ல" என்றார். பை பிரிக்க வந்திருந்த நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காய் பற்றாமல் போனால் என்ன செய்வது என்று பலமுறை பேசி வைத்திருந்தோம். காய் மிஞ்சினால் என்ன செய்வது என்று ஒருநாளும் பேசியதில்லை.

அந்த ஒரு மாதத்தில் நாங்கள் செய்த தவறுகளையும், பிறகு ஒன்றரை ஆண்டில் ஓரளவு நிலைக்கு வந்த முறையையும் இங்கே எழுதுகிறேன். கணக்கு எழுதும் பொறுப்பு அப்போதும் இப்போதும் என்னிடம் இருப்பதால் எண்கள் கையில் இருக்கின்றன.

எங்கள் ஏற்பாடு இதுதான். சேர்வராயன் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் தோட்டம், கிணற்றுப் பாசனம். ஒரு தம்பதி நடத்துகிறார்கள். சேலத்து வீடுகள் ஆறு மாதப் பருவத்துக்கு 9,000 ரூபாயை இரண்டு தவணையாக முன்கூட்டியே கொடுத்துவிடும். விதை, எரு, கூலி எல்லாம் அந்தப் பணத்தில் நடக்கும். விளைவதில் வாரம் ஒரு பை. விளைச்சல் குறைந்தால் பையும் குறையும், அதற்குப் பணம் திரும்பக் கேட்கக் கூடாது. "பங்குப் பண்ணை" என்று நாங்கள் பெயர் சொன்னபோது ஊரில் பலர் அதை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு பேசிக் குத்தகைக்கு, விட்ட நிலம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். "யாருக்குங்க வாரம்? பாதிக்குப் பாதியா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி தவறில்லை என்று பின்னால் புரிந்தது. வாரக் குத்தகையில் விளைச்சல் கூடினால் இருவர் பங்கும் கூடும் என்பது முதல் நாளே தெளிவு. எங்கள் ஏற்பாட்டில் அது தெளிவாக இல்லை.

இந்த முறை வேறு நாடுகளில் பழகியதுதான். ஜப்பானில் 1970-களில் தாய்மார் குழுக்களும் விவசாயிகளும் நேரடியாகக் கைகோத்தார்கள். அதற்கு டெய்க்கெய் என்று பெயர். அங்குள்ள இயற்கை வேளாண் சங்கம் 1978-ல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, விவசாயி கொண்டுவருவதை எல்லாம் வாங்குபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், சமையல் அதற்கேற்ப மாற வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 1986-ல் முதலில் தொடங்கிய இரண்டு பண்ணைகளில் ஒன்றான டெம்பிள் வில்ட்டன் பண்ணையில் வேறு வழக்கம். ஒவ்வொரு வீடும் தன்னால் முடிந்த தொகையைச் சொல்லும். தனக்கு வேண்டிய அளவு காயை எடுத்துக்கொள்ளும். எடை போட்டுப் பங்கு வைப்பதில்லை. ஒன்று வந்ததெல்லாம் உன்னுடையது என்கிறது, மற்றது வேண்டியதை மட்டும் எடு என்கிறது. யோசிக்காமலே நாங்கள் முதல் வாரம் முதலாவதையும் அடுத்த வாரம் இரண்டாவதையும் செய்துபார்த்தோம். இரண்டிலும் தோற்றோம்.

அத்தனை தக்காளி வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். 2023 ஜூன் கடைசியில் தக்காளி விலை ஏறத் தொடங்கியது. ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அந்த நேரத்தில்தான் எங்களிடம் 14 வீடு புதிதாகச் சேர்ந்தது. கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் கேட்டது தக்காளி. வழக்கமாக 500 நாற்று நடுபவர்கள், அந்த முறை குழித்தட்டு நாற்று 1,200 வாங்கி ஜூலை முதல் வாரத்தில் நட்டார்கள். இதே கணக்கைத் தக்காளி விளையும் ஊர்களில் எல்லோருமே போட்டிருந்தார்கள். செப்டம்பரில் மொத்தமும் ஒரே நேரத்தில் பழுத்தது, விலை விழுந்தது.

இதற்கு முன் நான் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. நம் தோட்டத்தில் மட்டும் தனியாக எதுவும் மிஞ்சுவதில்லை. நமக்கு மிஞ்சும் வாரத்தில் பக்கத்துக் காட்டிலும் மிஞ்சியிருக்கும், கடையிலும் கிலோ பத்து ரூபாய்க்குக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் அவர்களிடமும் இருக்கும். "வெளியில் விற்றுவிடலாம்" என்று யோசனை சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

முதல் வாரம் 275 கிலோவையும் சமமாகப் பிரித்தோம். வீட்டுக்கு ஏழு கிலோ சொச்சம். அடுத்த மூன்று நாள் நானே ஒவ்வொரு வீடாகப் போன் செய்து கேட்டேன். கூட்டுக் குடும்பங்களில் பிரச்சினை இல்லை. குகைப் பகுதியில் ஒரு வீட்டில் ரசம், சட்னி, குழம்பு என்று ஒரு வாரத்தில் தீர்த்துவிட்டார்கள். வயதான தம்பதி மட்டும் இருக்கும் வீட்டில் நாலு கிலோ வாட்ச்மேனுக்குப் போயிருந்தது. பேர்லேண்ட்ஸில் ஓர் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாதி அழுகிப்போச்சுங்க. காசும் குடுத்து, குப்பையில கொட்டுன பாவமும் எனக்கே வந்து சேர்ந்துச்சு." அவர் அடுத்த பருவத்துக்குச் சேரவில்லை. பை சிறுத்த வாரங்களுக்காக எங்களை விட்டுப் போனவர் யாரும் இல்லை. பை பெருத்ததால் போனவர்கள் மூன்று பேர். தட்டில் சோறு மிச்சம் வைக்காதே என்று சொல்லி வளர்த்த வீடுகளில் அழுகிய காய் எவ்வளவு பெரிய உறுத்தல் என்பதை நாங்கள் எடைபோடத் தவறிவிட்டோம்.

இரண்டாவது வாரம் பங்கு வைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் "வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போட்டோம். எல்லோரும் கூச்சத்தோடு ஒன்றரை, இரண்டு கிலோ எடுத்துக்கொண்டு போனார்கள். நிறைய எடுத்தால் பேராசை என்று நினைப்பார்களோ என்ற தயக்கம், நிறையத் தேவைப்பட்டவர்களுக்கும் இருந்தது. மறுநாள் திண்ணையில் ஆறு பெட்டி அப்படியே இருந்தது, பழ ஈ மொய்த்துக்கொண்டு. தக்காளி பறித்த பிறகும் பழுத்துக்கொண்டே போகும். அடுக்கி வைத்த பெட்டியில் ஒன்று அழுகினால் சாறு கீழே இறங்கி மற்றதையும் கெடுக்கும். அன்று மாலை வேனை வரவழைத்து, கெட்டதை மாட்டுக்கும் எருக்குழிக்கும் திருப்பி அனுப்பினோம்.

இதற்கிடையே ஞாயிற்றுக்கிழமைப் பறிப்பை மண்டிக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு எங்கள் நோட்டில் இருக்கிறது. ஒரு பெட்டி பறிக்கக் கூலி 50 ரூபாய். வேன் வாடகை பெட்டிக்கு 30. கமிஷன் நூற்றுக்குப் பத்து. கிலோ 5 ரூபாய்க்குப் போன அன்று பெட்டிக்கு 125 வந்தது; செலவு போக 32 ரூபாய் 50 காசு நின்றது. அடுத்த ஞாயிறு கிலோ 3 ரூபாய். பெட்டிக்கு 75 வந்தது, செலவு 87 ரூபாய் 50 காசு. ஒவ்வொரு பெட்டிக்கும் பன்னிரண்டரை ரூபாய் கையிலிருந்து போனது. நாற்றுக்கும் எருவுக்கும் தண்ணீருக்கும் போட்ட காசை இதில் சேர்க்கவே இல்லை.

பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். தோட்டத்து அக்கா சிரிக்காமல் பதில் சொன்னார்: "விட்டா புழு பெருகும், அடுத்த காயும் போயிரும். பறிச்சுத்தான் ஆகணும். பறிக்கற கூலிய யார் குடுக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க."

அதுவரை நாங்கள் தக்காளியை யாருக்குக் கொடுப்பது என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். அவர் கேட்ட பிறகுதான் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. முன்பணத்தில் நாங்கள் போட்ட கூலி, வாரம் மூன்று பெட்டி பறிப்பதற்கான கூலி. பதினொரு பெட்டி பறிக்க அதில் பணம் இல்லை. அந்த மாதம் எட்டுப் பெட்டிக்கான கூலியை வாரா வாரம் அவர்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காய் எங்களுக்கு இலவசமாக வந்தது போலத் தோன்றியது. அதற்கான 400 ரூபாயை விவசாயி கட்டிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் முதல் வாரம் தோட்டத்து வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டோம். 22 வீட்டார் வந்தார்கள். அங்கே ஒரு சச்சரவும் வெடித்தது. எங்கள் தோட்டத்துத் தக்காளியை உழவர் சந்தையில் பார்த்த ஒருவர், "எங்க காசுல வெளஞ்சத வெளிய எப்படி விக்கலாம்?" என்று கேட்டார். உழவர் சந்தை 1999-ல் மதுரையில் தொடங்கி மாநிலம் முழுதும் வந்தது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி கமிஷன் இல்லாமல் அங்கே தானே விற்கலாம். மண்டியில் நட்டப்பட்டதால்தான் தோட்டத்து அண்ணன் அங்கே கொண்டுபோயிருந்தார். கேட்டவர் கோபத்தில் பொய் இல்லை. அண்ணன் முகம் வாடியதையும் நான் பார்த்தேன்.

நீண்ட பேச்சுக்குப் பிறகு எல்லோரும் ஒத்துக்கொண்டது இது. நாங்கள் முன்பணம் கொடுத்தது இத்தனை கிலோ காய்க்கு என்று இல்லை. ஆறு மாத வெள்ளாமைக்கு. அதனால் விளைந்தது கூடினாலும் குறைந்தாலும் எங்களுடையதுதான், மிச்சத்துக்குத் தனி விலை கிடையாது. ஆனால் திட்டத்துக்கு மேல் பறிப்பதற்கான கூலியும் வண்டியும் முன்பணத்தில் சேராது, அதை எடுத்துக்கொள்பவர் கொடுக்க வேண்டும். தக்காளிக்கு அது கிலோவுக்கு 3 ரூபாய் 20 காசு வந்தது. சில்லறைக்காக நாலு ரூபாய் என்று வைத்தோம். மீதி 80 காசு உண்டியலில் சேரும். யாரும் எடுக்காத காயைப் பறிக்கும் கூலி அதிலிருந்து போகும். வெளியே விற்பதென்றால் முந்தின நாள் சொல்லிவிட்டு விற்க வேண்டும், வந்த பணம் நோட்டில் ஏறி அடுத்த பருவ விதைக்குப் போக வேண்டும்.

மிச்சத்தில் முதல் உரிமை யாருக்கு என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் உறுப்பினர் என்றுதான் நினைத்திருந்தோம். அக்கா மறுத்தார். பறிக்க வரும் ஐந்து பெண்களும் மாலையில் ஓட்டையும் வெடிப்புமாகக் கிடப்பதைப் பையில் போட்டுக்கொண்டு போவது வழக்கம். "அவங்களுக்குச் சொத்தைய மட்டும் குடுக்கறது எனக்கு மனசு ஒப்பல. மிஞ்சுதுன்னா மொதல்ல அவங்க நல்லதா எடுத்துட்டுப் போகட்டும். அப்புறம் நீங்க." கடலைக் காட்டில் வெட்டு முடிந்ததும் தப்புக்கடலை பொறுக்க யார் வந்தாலும் தடுக்காத ஊர் இது. அந்த நியாயம் அவருக்கு இயல்பாக இருந்தது, எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. வரிசை அப்படியே எழுதப்பட்டது: வேலை செய்பவர்கள், உறுப்பினர்கள், அருகிலுள்ள ஒரு முதியோர் இல்லம், பிறகு மாடு, கடைசியாக எருக்குழி.

கூலியைக் குறைக்க இன்னொரு வழியாக, ஞாயிறு காலையில் உறுப்பினர்களே வந்து பறித்துக்கொள்ளலாம் என்று சொன்னோம். முதல் ஞாயிறு 16 குடும்பம் வந்தது. குழந்தைகள் பாத்திக்குள் ஓடி மண்ணை மிதித்து இறுக்கினார்கள். பெரியவர்கள் பழத்தைப் பிடித்து இழுத்ததில் கிளை முறிந்தது. செங்காயும் பச்சையும் கலந்து வந்தது. "பறிக்கத் தெரியாதவங்க வந்தா எனக்கு ரெண்டு வேலை" என்றார் அக்கா. அடுத்த ஞாயிறு முதல் இரண்டு குடும்பத்துக்கு ஒரு பறிக்கும் பெண் கூட வந்தார், அரை நாள் கூலியோடு. காம்பின் கணுவில் கட்டைவிரல் வைத்துத் திருப்பினால் பழம் தானே கையில் வரும் என்று அவர் காட்டிக்கொடுத்தார். கூலி இதில் மிச்சமாகவில்லை. ஆனால் தோட்டத்துக்குச் சேதம் நின்றது. ஒரு பெட்டி நிரப்ப எவ்வளவு முதுகு வலிக்கும் என்று தெரிந்த வீடுகள் கிலோவுக்கு நாலு ரூபாயைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

வற்றல் போடலாம் என்ற யோசனையும் வந்தது. உப்புப் பிசறி மொட்டைமாடியில் காயவைத்தோம். சேலத்தில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சாயங்காலம் இடியோடு மழை கொட்டும் என்பது தெரிந்தும் செய்தோம். இரண்டாம் நாள் பூஞ்சை. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். அது போக வேண்டுமானால் மாசி, பங்குனி வெயில் வேண்டும்.

தொக்குதான் கைகொடுத்தது. வாடகை அண்டா, விறகு, சமைக்கத் தெரிந்த ஓர் அம்மாவுக்குக் கூலி. 60 கிலோ தக்காளி வற்றி 15 கிலோ தொக்காகி 60 பாட்டிலில் அடங்கியது. தக்காளியின் புளிப்பு மட்டும் நாள்பட வைக்கப் போதாது. புளியும் நல்லெண்ணெயும் தாராளமாக வேண்டும். எண்ணெய்தான் பெரிய செலவு. மொத்தம் 4,700 ரூபாய், பாட்டிலுக்கு 78 ரூபாய். தக்காளிக்குக் காசில்லை என்பதால் தொக்கும் சும்மா வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கை இரண்டு முறை படித்துக் காட்டினேன். மீதியைக் கடைக்குக் கொடுக்கலாமே என்றார் ஒருவர். தோட்டத்தில் விளைந்ததை விவசாயி அப்படியே கொடுப்பதற்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. தொக்காக்கி விற்பதென்றால் பதிவு வேண்டும். அந்த வழியில் போக வேண்டாம் என்று முடிவு செய்தோம். தொக்கு செய்த வீடுகளுக்கே போனது.

இனி, பிறகு மாறியவை.

பருவம் தொடங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அட்டை எழுதி வாங்குகிறோம். வீட்டில் எத்தனை பேர், ஊறுகாய், வற்றல் போடும் வழக்கம் உண்டா, எந்தக் காய் எவ்வளவு வந்தாலும் சமாளிப்பார்கள், எது கூடவே கூடாது. அம்மாப்பேட்டையில் ஒரு வீடு "கத்தரிக்காய் பத்துக் கிலோ வந்தாலும் சரி" என்று எழுதியது. வெண்டை மிஞ்சும் வாரம் யாருக்குப் போன் செய்வது என்று இப்போது யோசிக்க வேண்டியதில்லை. வெண்டையைத் தள்ளிப்போடவே முடியாது. இரண்டு நாள் தவறினால் முற்றிவிடும். சேனைக்கிழங்கு மண்ணிலேயே காத்திருக்கும். பூசணியும் சாம்பல் பூசணியும் பரணில் மாதக்கணக்கில் இருக்கும். மரவள்ளியைப் பிடுங்காதவரை கவலையில்லை, பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். மிஞ்சியதை எப்போது அறிவிப்பது என்பதைக் காயே முடிவு செய்கிறது.

திண்ணையில் ஒரு மாற்றுக் கூடையும் வைத்தோம். பையில் வேண்டாததை அதில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். மாலையில் அதில் எப்போதும் மிஞ்சிக் கிடப்பது முள்ளங்கியும் பாகற்காயும். மூன்று மாதக் கூடையைக் குறித்துவைத்து அண்ணனிடம் கொடுத்தேன். 2024-ல் முள்ளங்கிப் பாத்தியைப் பாதியாக்கினார். தக்காளியை ஒரே நடவாக நடாமல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 நாற்றாக நடுகிறார். இருந்தும் வேண்டியதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத்தான் நடுகிறார். அதைக் குறைக்கச் சொன்னபோது, "நாலு நாத்து செத்தா உங்க பை காலியா வரும், பரவாயில்லைங்களா?" என்று கேட்டார். பை காலியாகக் கூடாது என்பதற்காக அவர் நட்டது எல்லாம் பிழைத்துவிட்டால் அதுதான் மிச்சம். அதைக் குற்றமாகப் பார்ப்பதை நாங்கள் அன்றோடு விட்டுவிட்டோம்.

மலைமேல் கதை வேறு. ஏற்காட்டுப் பக்கம் ஒரு சின்னக் காப்பித் தோட்டமும் எங்களோடு சேர்ந்திருக்கிறது. அங்கே நிழலுக்கு நிற்கும் பலாமரங்கள் கோடையில் காய்த்துத் தள்ளும். ஒரு பழம் பதினைந்து கிலோ; பையில் வைக்க முடியாது, 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கொண்டுவருவதற்கே வண்டி வாடகை அதிகம். முதல் ஆண்டு முழுப் பழமாகக் கொடுத்தோம், வாங்கியவர்கள் பாலில் கை ஒட்டித் தவித்தார்கள். இப்போது பாதியைப் பலாமூசாகவே பறித்துவிடுகிறார்கள்; அது கூட்டுக்கும் பொரியலுக்கும் போகிறது, பழம் குவிவதும் குறைகிறது. மீதியை மலையிலேயே கையில் எண்ணெய் தடவி அறுத்து, சுளையாகக் கீழே அனுப்புகிறார்கள். அறுப்புக் கூலி சுளையின் கிலோவில் ஏறும்; கொட்டை, அறுக்கும் பெண்களுக்கே போகும். பட்டர் ஃப்ரூட் மிஞ்சும்போது அவசரமே இல்லை. மரத்தில் இருக்கும்வரை அது பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். கேட்கும் வாரத்தில் கேட்கும் அளவு பறித்தால் போதும்.

தீராதது ஒன்று இருக்கிறது. ஞாயிறு தோட்டத்துக்கு வர முடிகிறவர்கள் வண்டியும் ஓய்வும் உள்ளவர்கள். ஷிப்ட் வேலைக்குப் போகும் ஆறு வீடு எங்களோடு இருக்கிறது. மிச்சம் அதிகம் உதவக்கூடியது அவர்களுக்குத்தான், குறைவாகக் கிடைப்பதும் அவர்களுக்குத்தான். இந்தத் தையிலிருந்து ஞாயிறு பறிக்க வரும் ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்கு எடுப்பதோடு வராத ஒரு வீட்டுக்கும் இரண்டு கிலோ பறித்துக் கட்டிவர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பனிக்கு அவரைக் கொடி இப்போது பந்தல் முழுக்கப் பூத்திருக்கிறது. அவரை வற்றல் போடத் தெரிந்தவர்கள் என்று அட்டையில் ஒன்பது வீடு எழுதியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் வேகவைத்து உலர்த்த அகலமான பனம்பாய் நாலு வாங்க உண்டியலில் 1,140 ரூபாய் இருக்கிறது.